மிளகாய்க் குவியலில் ஓர் ஒப்பாரி

பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோகிற நாவலை நேற்று மத்தியானம் படித்து முடித்தேன். முடித்த கையோடு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வீட்டில் நான் ஒருத்திதான். அழக்கூட இல்லை, கண் லேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். இருந்தாலும் தெருவில் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று ஒரு பதற்றம். இந்த வயதில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று யாரும் கேட்கலாம். என் ஓரகத்தியைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்று கூப்பிட்டவள். இப்போது இல்லை.

இந்த மாதம் நான் படித்த புத்தகங்கள் எல்லாம் அவளுடைய மகள் கொண்டுவந்து கொடுத்தவை. சின்னம்மாவிடம் எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவாள் என்பது அந்தப் பெண்ணின் நம்பிக்கை. ஒரு துப்பறியும் கதை, ஒரு ராஜா ராணி கதை, இமயமலைக்கு நடந்தே போய்வந்த ஒருவரின் பயணக் கதை, சர்க்கரை வியாதிக்காரர்கள் என்னென்ன தின்னக்கூடாது என்று ஒரு டாக்டர் எழுதியது, கடைசியில் இந்த நாவல். துப்பறியும் கதையில் கொலைகாரனைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மீதிப் பாதியை எரிச்சலோடு படித்தேன். ராஜா கதையில் குதிரைகள் ஓடுகின்றன, ஓடுகின்றன, ஒன்றுகூட நின்று தண்ணீர் குடிக்கவில்லை. டாக்டர் புத்தகத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும். இமயமலைக்காரர் நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இதெல்லாம் என் சொந்த யோசனை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இப்படிக் கேட்டுப் பழக்கியவள் ஓரகத்தி. எந்தக் கதையைச் சொன்னாலும் அதில் விட்டுப்போன ஆளைத்தான் அவள் தேடுவாள். "ராசா சண்டைக்குப் போயிட்டாரு, சரி. தனியா கெடக்காளே ராணி, அவுக அய்யா வீட்டுல இருந்து யாரும் வந்து பாத்தாகளா?" என்பாள். அது கதையில் இல்லை அக்கா என்றால், "என்னத்தக் கதை எழுதுறாக" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எல்லாக் கதையிலும் அவளுக்கு அந்த ஒரே கேள்விதான். அது ஏன் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. நான் இராமேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கோயிலைச் சுற்றிய தெரு ஒன்றில் சின்ன லாட்ஜ் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். தீர்த்தமாட வருகிறவர்கள் அறையைக் காலி செய்யும்போது சீப்பு, செம்பு, துண்டு என்று எதையாவது மறந்துவிட்டுப் போவார்கள். அதில் புத்தகங்களும் இருக்கும். ரயிலில் படிக்க வாங்கிய கதை, தோத்திரம், வைத்தியம், ஜோசியம், அட்டை போன தொடர்கதை எல்லாம் எனக்குத்தான் வந்துசேரும். சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும், பஸ்ஸில் வருகிறவர்கள் யாரிடமாவது அப்பா ஒரு கட்டு கொடுத்தனுப்புவார். கடல் காற்று அடித்த இடத்திலிருந்து மிளகாய் நெடி அடித்த இடத்துக்கு வந்தவளுக்கு அந்தக் கட்டுதான் சீர்.

மாசி, பங்குனியில் களத்தில் மிளகாய் வற்றல் மலையாகக் குவிந்து கிடக்கும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெளுத்துப்போனதைப் பொறுக்கி ஒதுக்குவோம். எனக்கு அந்த வேலை கடைசிவரை வரவில்லை. பத்து மிளகாய் எடுப்பதற்குள் தும்மல், கண்ணைக் கசக்கிவிட்டு ஐயோ அம்மா என்று ஓட்டம். ஓரகத்திதான் ஒருநாள், "ஏத்தா, நீ வாயால வேலை பாரு. ஒன் பங்கையும் சேத்து நாங்க பாக்குறோம்" என்றாள். மாமியார் இல்லாத வீடு, தட்டிக்கேட்க ஆளில்லை. அன்றிலிருந்து நான் குவியலுக்கு எதிரே உட்கார்ந்து, படித்து முடித்த புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டத் தொடங்கினேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு எங்கள் வேலைக்கு வந்தார்கள்.

இப்போது அவளுடைய பிறந்த வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதுகுளத்தூரைத் தாண்டி அவளுடைய ஊர். அவள் கல்யாணமாகி வந்த வருடம் எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள். அவளைப் பெற்ற அய்யா சொந்தபந்தத்தோடு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் சம்பந்தி தானாகப் போய் இலையில் உட்காரமாட்டார். வீட்டு ஆள் ஒருவர் வந்து, வாங்க என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் யாரும் போகவில்லை. அந்த மனிதர் மரத்தடியிலேயே நின்றிருக்கிறார். கடைசிப் பந்தி எடுக்கிறவரை நின்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாளே என் மாமனார் போய் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் முடிந்திருக்கும். இவரோ, "வந்த மனுசனுக்கு உக்காரத் தெரியாதாக்கும்" என்றார். அந்தப் பேச்சு கண்ணும் மூக்கும் வைத்து சம்பந்தி காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தலைதீபாவளி இல்லை, பொங்கல் சீர் இல்லை, ஒரு ரவிக்கைத் துணிகூட அங்கிருந்து வரவில்லை. நான்கு வருடம் போய் அவள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் பிறந்த வீட்டார் சேலையும் மஞ்சளும் பூவும் கொண்டுவந்து, வளையல் போட்டுக் கூட்டிப்போக வேண்டும். ஏழாம் மாதம் போனது, எட்டாம் மாதமும் போனது. அவர்கள் கூப்பிட்டால் வருவேன் என்று அவளுடைய அய்யா, அவர் வந்தால் வா என்பேன் என்று என் மாமனார். களத்தில் யாராவது, "எப்பத்தா கூட்டிட்டுப் போறாக?" என்று கேட்டால் அவள் குனிந்தபடியே, "வருவாக" என்பாள். பெற்றவர்கள் குத்துக்கல்லாக இருக்க, கூப்பிட ஆளில்லாத பிள்ளைத்தாய்ச்சி. ஊரில் ஒரு பெண்ணுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. நானும் தினம் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். கதையில் வருகிறவளுக்கெல்லாம் உருகினேனே, இவளிடம் ஒருநாள், அக்கா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் லாட்ஜிலிருந்து தடியாக ஒரு நாவல் வந்தது. தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு இறந்துபோகிறாள். அதைப் போய் ஒன்பது மாதக்காரிக்கு முன்னால் படிக்கலாமா என்று தோன்றத்தான் செய்தது. அவள் விடவில்லை. தினமும், "அந்தப் புள்ளை என்ன ஆனா, படி" என்பாள். கடைசி அத்தியாயத்தைப் படித்த மத்தியானம் எழுத்து கலங்கி மேலே படிக்க முடியவில்லை. நிறுத்தினேன். மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் எல்லோரும் கண்ணீரை அப்படியே வழியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஓரகத்தி மெல்லத் தொடங்கினாள்.

"பொட்டி நெறயச் சேலையிருக்க – எனக்குப்
பொறந்த வீடு தானிருக்க
எட்டிப் பாக்க ஆளில்லாம – நான்
எங்க போயிப் படுத்தேனோ..."

கதையில் வந்தவளுக்காகப் பாடுகிறாள் என்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தோள்மேல் கைபோட்டு வட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். அவரவருக்கு அவரவர் தாய் வீடு. நானும் இராமேஸ்வரத்தை நினைத்து நன்றாகவே அழுதேன். அழுது முடித்ததும் மனது லேசானது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி வற்றல் பொறுக்க உட்கார்ந்தோம். ஒருத்தி என்னைப் பார்த்து, "நல்ல கதைதான், போ. நாளைக்குச் சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வா" என்றாள்.

அந்த நேரத்தில் களத்தை ஒட்டிய பாதையில் ஒரு ஆட்டு வியாபாரி முதுகுளத்தூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு வீட்டையும் தெரிந்தவர். இன்னார் வீட்டுக் களம், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி, மூத்த மருமகளுக்கு மாதம் நிறைந்திருக்கிறது. வேறு என்ன நினைப்பார்? கேதம் நடந்த வீட்டு வாசலில் போய், செத்தது யார் என்று யாரும் விசாரிக்கமாட்டார்கள். பெண்ணின் பிறந்த வீட்டுக்குச் சொல்லிவிடுவதுதான் முதல் கடமை. அவர் அதை ஒழுங்காகச் செய்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ் வந்து போன சிறிது நேரத்தில், வீட்டுக்கு எதிரே களத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, தெருமுனையில் கூப்பாடு கேட்டது. அவிழ்ந்த தலையும் மாரில் அடித்த கையுமாக ஏழெட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தது ஓரகத்தியின் அம்மா. அவளைப் பார்த்ததும் மடியிலிருந்த வற்றலை உதறிக்கொண்டு எழுந்த ஓரகத்தி, "அய்யோ, எங்கய்யா போயிட்டாகளா!" என்று அலறிக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி அவர்களை நோக்கி ஓடினாள். அங்கிருந்து ஓர் அழுகை, இங்கிருந்து ஓர் அழுகை. நடுத்தெருவில் தாயும் மகளும் மோதிக்கொண்டார்கள். அம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. மகளின் கன்னத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், வயிற்றைத் தடவினாள். "ஆத்தா... நீயா?" என்றாள்.

ஊரே கூடிவிட்டது. விஷயம் விளங்கியதும் பின்னால் நின்ற ஒருத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கூட வந்த உறவுக்காரர் ஒருவர் துண்டை உதறினார். "கதையக் கேட்டா ஒப்பாரி வச்சீக? வெக்கமா இல்ல?" என்று கத்தினார். எல்லோருடைய கண்ணும் என் மேல் திரும்பியது. புத்தகத்தை முந்தானைக்குள் ஒளித்தேன். அந்த மிளகாய்க் குவியலைத் தலைக்கு மேல் அள்ளிப் போட்டுக்கொண்டு புதைந்துவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அவளுடைய அய்யாவை எல்லோரும் பார்த்தோம். அக்குளில் ஒரு துணிமூட்டை. மகளைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"என்னய்யா அது?" என்றாள்.

அவளே போய் வாங்கித் தரையில் வைத்து அவிழ்த்தாள். சிவப்புச் சேலை, மஞ்சள், ஒரு பந்து பூ. சுமங்கலி செத்தால் பிறந்த வீட்டிலிருந்து வருகிற கோடிச் சேலை. "தொடாதடி! அதக் கொண்டுபோயிக் கம்மாயில போடுங்க" என்று அம்மா பதறினாள்.

"ஏன்? சேலை, மஞ்சளு, பூவு. ஏழாம் மாசம் கொண்டு வரவேண்டியதும் இதுதான?" என்றாள் ஓரகத்தி. குரல் உயரவில்லை.

"கூப்பிடுவாக, கூப்பிடுவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் ஆத்தா" என்றார் அவர்.

"செத்துப்போனேன்னதும் யாருய்யா வந்து கூப்பிட்டாக? இன்னிக்கி மட்டும் ஒடனே பஸ்சு கெடச்சிருச்சாக்கும்."

அவர் தலை கவிழ்ந்தது. என் மாமனார் வாசலிலிருந்து இறங்கிவந்து, "சம்பந்தி..." என்று ஆரம்பித்தார். "மாமா, நீங்க சும்மா இருங்க. ரெண்டு பேருக்கும் நாந்தான் கெடச்சேன்" என்றாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் வெட்கப்பட்டது புத்தகத்துக்காகத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் சோறு தின்ற எல்லோரையும் நினைத்து அப்போது கூசியது.

சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடி, "வேணாங்க்கா, அது கட்டுற சேலை இல்லக்கா" என்று கையைப் பிடித்தேன். "நாலு வருசத்துல எங்கய்யா எடுத்துக் குடுத்தது இது ஒண்ணுதான். விடு, கட்டிக்கிறேன்" என்றாள். கொசுவத்தை நான்தான் பிடித்துக்கொடுத்தேன். புதுச் சேலையின் கஞ்சி மொடமொடப்பில் மடிப்பு என் கையில் நிற்கவில்லை, அவளே வாங்கிச் செருகிக்கொண்டாள். பூவையும் எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வண்டியைப் பூட்டி வைக்கோல் பரப்பி அவளை ஏற்றினார்கள். இன்றைக்கு எனக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறவள் அன்று அவள் வயிற்றில் இருந்தாள். அம்மாவும் மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். அவளுடைய அய்யா சக்கரத்துக்குப் பக்கத்தில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அய்யா, நான் கூப்பிடுறேன். ஏறுங்க."

அவர் வண்டியின் கம்பைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனார், முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வண்டி புறப்பட்டது. அவர் அதன் பின்னாலேயே, முதுகுளத்தூரைத் தாண்டி வீடு வரைக்கும் நடந்தே போனாராம்.