அப்பா கையிலும் நின்ற கார்

எங்கள் கார் ஆள் பார்த்து ஓடும் என்பது அப்பாவின் கட்சி. விடியற்காலையில் அவர் பெசன்ட் நகருக்கு நடைப்பயிற்சிக்குப் போகும்போது சமர்த்தாக ஓடும். மத்தியானம் அம்மா என்னை மயிலாப்பூர் பள்ளியிலிருந்து தி.நகர் வீட்டுக்கு அழைத்து வரும்போது மட்டும் தேனாம்பேட்டை சிக்னலில் பொசுக்கென்று நின்றுவிடும். அரைமணி நேரம் முரண்டு பிடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். அம்மா லைசென்ஸ் வாங்கிய புதிது.

மெக்கானிக்கும் காலையில்தான் வந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். "குறை ஓட்டுற கையிலதான்" என்று தீர்ப்பெழுதிய அப்பா, சாவியை வாங்கிவைத்துவிடப் போவதாக அறிவித்தார். "சூடானாத்தான் நிக்குதுங்க" என்று அம்மா ரசம் ஊற்றும்போதெல்லாம் சொன்னாள். அப்பா ரசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் அம்மா ஒன்று கேட்டாள். "நாளைக்கு மத்தியானம் ஒரே ஒரு தடவை நீங்க ஓட்டுங்க. அப்புறம் சாவி உங்களுக்கு."

மறுநாள் பள்ளி வாசலில் இருவரும் வந்திருந்தார்கள். பின் சீட்டில் ஒரு பிளாஸ்க் நிறைய ஐஸ் தண்ணீர்! தொண்டை கட்டும் என்று எனக்குப் பச்சைத் தண்ணீரே தராத அம்மா. ஆசையாக ஒரு வாய் குடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தேனாம்பேட்டையில் வண்டி நின்றது. அப்பா சாவியைத் திருகினார், திருகினார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"இன்னா சார், ஓட்டத் தெரியாதா? ஓரமா தள்ளு!" என்றார் ஆட்டோக்காரர்.

ஓரமாகத் தள்ளியதும் அம்மா பானெட்டைத் திறந்தாள். எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. சூட்டில் அது செத்தால் வண்டியும் நிற்கும், ஆறினால் ஓடும். சிந்தாதிரிப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்து, அது இருக்கும் இடத்தையும் தெரிந்துவைத்திருந்தாள். அதன்மேல் மட்டும் ஐஸ் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். கொஞ்சம் பொறுத்து, தானே உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். உடனே உறுமியது.

அப்பா சுற்றிக்கொண்டு போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வீடுவரை அம்மாதான் ஓட்டினாள்.

வெயிலில் வண்டி தள்ளிய களைப்பு, பாவம், என்று நான் நினைத்தேன். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தண்ணீரை நீட்டினேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.