அளவு ஜாக்கெட்டும் என் தொப்பையும்

அம்மா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. அந்த அநியாயத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வயது ஐம்பதை நெருங்குகிறது, தொப்பையும் தன் பங்குக்கு வளர்ந்துவிட்டது. கோபம் மட்டும் பத்து வயதிலேயே நிற்கிறது.

சைகோனில் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததில் அப்பாவின் துணிக்கடை போய்விட்டது. பல வருடம் கழித்து, சொந்தமாகக் கடை வைக்கலாம் என்று ஆனதும், அதுவரை வீட்டுக்குள்ளேயே தைத்துக்கொண்டிருந்த அம்மா வாசல் அறையில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தார். தைத்ததெல்லாம் புடவைக்கான ஜாக்கெட். அதற்கு டேப்பே தேவையில்லை. எங்களைப் போலக் காரைக்காலிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண்கள் துணியோடு ஒரு அளவு ஜாக்கெட்டையும் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அதை விரித்து, அதன் ஓரமாகவே கோடு போட்டு வெட்டிவிடுவார் அம்மா. ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஜாக்கெட் போடும் பெண்கள் ஒவ்வொருவராக பிரான்சுக்கும் காரைக்காலுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய வாடிக்கை வியட்நாம் பெண்கள். அவர்களுக்கு வேண்டியது ஆவ் யாய்: கழுத்து மூடி, உடம்பைப் பிடித்து, இடுப்பிலிருந்து இரண்டாகப் பிரிந்து கணுக்கால்வரை தொங்கும் உடுப்பு. முதலில் வந்தது, எங்கள் வகுப்பு டீச்சர். பள்ளி திறப்பு விழாவுக்குத் தைக்க வேண்டும், நன்றாக வந்தால் மற்ற டீச்சர்களையும் அழைத்து வருகிறேன் என்றார்.

"சரியா இருக்குற பழசு ஒண்ணு குடுங்க, அளவுக்கு" என்றார் அம்மா.

"சரியா ஒண்ணு இருந்தா நான் ஏம்மா உங்ககிட்ட வரேன்?" என்று டீச்சர் சிரித்தார்.

அம்மா அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான் அளவு.

திறப்பு விழா அன்று டீச்சர் புது ஆவ் யாயில் வகுப்புக்குள் வந்து, தேதி எழுத போர்டின் உச்சிக்குக் கையைத் தூக்கினார். 'டர்ர்' என்றது. அக்குளில் தொடங்கிய கிழிசல் இடுப்புவரை ஓடியது. நாற்பது தலைகள் திரும்பின. டீச்சர் பக்கம் அல்ல, என் பக்கம்! கிழித்தது நானா? ஊசியையாவது தொட்டிருப்பேனா? அன்றைக்கு முழுக்க என் பெயர் 'டர்ர்' என்றே ஆகிவிட்டது.

அம்மா டீச்சரிடம் புதுத் துணியில் வேறு தைத்துத் தருவதாகச் சொல்லி, அவகாசம் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே, மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு, எங்கள் வட்டாரச் சமூகக்கூடத்தில் நடந்த மூன்று மாதத் தையல் வகுப்புக்குப் போகத் தொடங்கினார். எனக்குச் சைக்கிள் வாங்க வைத்திருந்த பணம் அந்த வகுப்புக்குக் கட்டணமாகப் போனது.

அப்பா பொரிந்து தள்ளினார். "இருவது வருசமா தைக்கிறே. இனிமே என்ன படிப்பு? கடையச் சாத்திட்டுப் போனா இருக்குற ரெண்டு பேரும் வேற கடைக்குப் போயிடுவாங்க."

"இருவது வருசமா ஒரே ஜாக்கெட்டத்தான் தைக்கிறேன்" என்றார் அம்மா. "அந்த ரெண்டு பேரும் அடுத்த மாசம் ஊரை விட்டே கிளம்புறாங்க. அப்புறம் உங்களுக்கா ஜாக்கெட் தைக்கிறது?"

அப்பா தப்பித்துக்கொண்டார். மாட்டிக்கொண்டது நான். வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடத்துக்கு ஒரு உடம்பு வேண்டும். மகள் கிடையாது. அதனால் அம்மா என் மார்பில் பழந்துணியை அடைத்து, தினமும் டேப்பால் சுற்றினார். ஜன்னல் வழியே சந்துப் பையன்கள் தவறாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். நாட்டில் எத்தனையோ விடுதலை நடந்தது, எனக்கு மட்டும் நடக்கவில்லை.

கடைசியில் பரீட்சை. திங்கட்கிழமை கூடத்தில் ஆளை அளக்க வேண்டும், சனிக்கிழமை தைத்ததைப் போட்டுக் காட்ட வேண்டும். மற்ற பெண்கள் தங்கள் மகள்களைக் கூட்டிவந்தார்கள். எல்லாம் கொடி மாதிரி. நடுவில் நான், பூசணிக்காய். அம்மா இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். எனக்கும் மானம் என்று ஒன்று உண்டே! வயிற்றை முதுகெலும்பில் ஒட்டும்வரை உள்ளே இழுத்து, அம்மா எண்ணை எழுதி முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.

சனிக்கிழமை அந்த உடுப்பு என் மேல் ஏறவே தகராறு செய்தது. எப்படியோ பொத்தான்களைப் போட்டார்கள். எத்தனை நேரம்தான் மூச்சுவிடாமல் இருப்பது? விட்டேன். படபடவென்று எல்லாம் தெறித்தன. ஒன்று தையல் டீச்சரின் மேசைமேல் போய் விழுந்தது. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று வியட்நாமிய மொழியிலேயே கத்தினேன்: "எங்கம்மாவுக்குத் தைக்கவே தெரியாது!"

சிரிப்பு நின்றது. அம்மா குனிந்து தரையில் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கினார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார், கையிலிருந்த அளவுச் சீட்டைப் பார்த்தார். திரும்பவும் என் வயிற்றை வெகுநேரம் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன்.

"ஆமாம், இன்னும் தெரியல" என்றார் தையல் டீச்சரிடம். "அடுத்த வகுப்புலயும் என் பேரைப் போட்டுக்குங்க."

இன்னும் மூன்று மாதம்! தேறாமல் போனது அவர், தண்டனை எனக்கு.

அடுத்த வருடத் திறப்பு விழாவுக்கு முன்னால் எங்கள் டீச்சர், அம்மா தைத்துத் தருவதாகச் சொன்ன உடுப்புக்காக மறுபடி வந்தார். அம்மா அவரைச் சுவர் ஓரமாக நிறுத்தி, "உச்சியில எழுதுற மாதிரி கையத் தூக்குங்க" என்று தோளையும் அக்குளையும் அளந்தார். பிறகு இடுப்பில் டேப்பைச் சுற்றினார். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

உடனே அம்மா கதையை ஆரம்பித்துவிட்டார். "உங்க மாணவன் சேதி தெரியுமா டீச்சர்? பரீட்சையில பொத்தான் தெறிச்ச கதை?" என் தொப்பை, என் மூச்சு, மேசைமேல் விழுந்த பொத்தான், ஒன்றையும் விடவில்லை. டீச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்த உடுப்பு கிழியவில்லை. மற்ற டீச்சர்கள் வந்தார்கள். அப்புறம் அவர்களுடைய தங்கைகள், மதினிகள். சந்து முனைவரை ஆட்கள் நின்றார்கள். வந்த ஒவ்வொருத்தியிடமும் அம்மா அதே கதையைச் சொன்னார். உள்ளறையில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்தேன். கூடத்தில் அவமானப்படுத்தியதற்கு என்னைத் தவணை முறையில் பழிவாங்குகிறார் என்றே நினைத்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேவிட்டேன்: "ஏம்மா, வர்றவங்ககிட்டல்லாம் என் மானத்த வாங்குறே?"

"நீ குடுத்த பாடம்தானேடா தம்பி" என்றார், வாயில் குண்டூசியோடு. கேலி செய்கிறார் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்தக் கதையை அவர் ஒருநாளும் டேப்பைச் சுற்றுவதற்கு முன்னால் தொடங்கியதில்லை என்பதோ, கேட்பவள் சிரித்து மூச்சை விடுகிற அந்த நொடியில்தான் அவர் குனிந்து டேப்பில் எண்ணைப் பார்த்தார் என்பதோ எனக்கு அப்போது தெரியவில்லை.