கதவோரத்து நாற்காலி

என் சித்தப்பா இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்துவிட்டு, நாற்பத்து மூன்றாவது வயதில் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தார். ‘எனக்குக் கீழே’ என்று எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. அதுவரை எனக்குக் கீழே இருந்தது ஒரு சுழல் நாற்காலி மட்டும்தான்.

அவர் ஓய்வு பெற்று வந்த வாரத்தில் ஏழு பேர் வேலை சொன்னார்கள். ஏழும் ஒரே வேலை: செக்யூரிட்டி. ஏழாவது ஆள் சித்தியின் அண்ணன். “மாப்பிள்ளைக்கு மீசை வேற நல்லா இருக்கு. கேட்டுல நின்னா எடுப்பா இருக்கும்.”

மறுநாள் காலை சித்தப்பாவுக்கு மீசை இல்லை.

“நின்னு நின்னு கால் தேஞ்சுபோச்சுடா. உக்காந்து செய்யற வேலையா சொல்லு” என்றார் என்னிடம். எனக்குத் தெரிந்த ஒரே வேலை நான் பார்ப்பதுதான். மக்களின் சேமிப்பை மியூச்சுவல் ஃபண்டில் போடவைப்பது. போட்டதை எடுக்காமல் பார்த்துக்கொள்வது. அதற்கான தேர்வில் மூன்றாவது முயற்சியில் தேறினார். ஆறு மாதம் தகுதிகாண் காலம், பிறகுதான் நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பதிலிருந்து ஆறு மணிவரை என்னை அவர் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார்.

“சித்தப்பா, எல்லாரும் பாக்கறாங்க. சார் வேண்டாமே.”

“சரி சார்.”

வீட்டுக்குப் போனால் சித்தி விடமாட்டாள். “ஏங்க, உங்க சார் வந்திருக்காரு. எந்திரிச்சு நில்லுங்க.”

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது பங்குச் சந்தை மடமடவென்று சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் எங்கள் அலுவலகத்தில் யாரும் வாடிக்கையாளருக்கு போன் செய்வதில்லை. வரும் போனையும் எடுப்பதில்லை. ஒரு கடிதம் போகும். அதை எழுதுவது நான். நவீன கவிதை படிப்பவன் என்று எப்படியோ வெளியே தெரிந்துவிட்டதன் விளைவு. ‘சந்தை சற்றே மூச்சு வாங்குகிறது. இலை உதிர்வது மரத்தின் தோல்வி அல்ல’ என்று எழுதினேன்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். “பிரமாதம்யா. ஒண்ணுமே புரியல. அனுப்பு.”

திரும்பி வந்தால், சித்தப்பா மேசையருகே நிமிர்ந்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ராணுவத்தில் ஏதாவது விபரீதம் என்றால் அவருடைய பிரிவுக்கு முதல் வேலை, எத்தனை போச்சு, எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்வது. யாரும் கேட்கக் காத்திருக்கக் கூடாது.

“வணக்கம்மா, ரிப்போர்ட் பண்றேன். உங்க பணத்துல நூத்துக்குப் பதினொண்ணு விழுந்துருச்சு. மிச்சம் எண்பத்தொன்பது இருக்கு. எப்ப எந்திரிக்குமா? தெரியாதும்மா. தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்?”

அவருடைய வாடிக்கையாளர்கள் முப்பத்தெட்டு பேர். மேலதிகாரியாக அவரைத் தடுக்க வேண்டியவன் நான். தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பியபோது பத்தொன்பதாவது ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். மறுபடியும் தாகம் எடுத்தது.

மேனேஜர் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

“யாருங்க உங்கள போன் பண்ணச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். சொல்லணுமா?”

“பயந்து எல்லாரும் பணத்த எடுத்துருவாங்க. வெள்ளிக்கிழமை உங்கள நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு நான் எழுதணும். ஞாபகம் இருக்கா?” பிறகு என்னைப் பார்த்தார். “உன் ஆளுதானே? நீ என்ன சொல்ற?”

மனதில் அருமையான வரி ஒன்று வந்தது. அங்கேயே இருந்துகொண்டது. இருமினேன்.

வெளியே வந்ததும் சித்தப்பா சொன்னார்: “நிறைய தண்ணி குடிச்சுட்டீங்க போல, சார்.”

அன்று மாலை வீட்டில் அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சித்தியிடம், “உங்க அண்ணனுக்கு போன் போடு. அந்த கேட் இன்னும் காலியா இருக்கான்னு கேளு” என்றார்.

“மீசை வளர ஒரு மாசம் ஆகுமே” என்றாள் சித்தி. அவர் சிரித்தார். தட்டில் வைத்ததைச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவருடைய முப்பத்தெட்டு பேரில் இரண்டு பேர் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களிடமிருந்து சத்தமில்லை. என் கடிதம் மட்டும் போனவர்களோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை நடு ஹாலில் நின்று கேட்டார்: “இதுல மரம்னா யாரு? நானா, உங்க கம்பெனியா? இலைன்னா என் பணமா? எழுதினவரக் கூப்பிடுங்க!”

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

மேனேஜர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சித்தப்பாவைக் கூப்பிட்டார். போனது இவ்வளவு, இருப்பது இவ்வளவு என்றார் சித்தப்பா. “இத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று கடிதத்தை அவர் மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார் ஆசிரியை. வியாழக்கிழமைக்குள், உள்ளே வருகிற எல்லோரையும் அவரிடமே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை நிரந்தர உத்தரவு வந்தது. கூடவே, வருகிறவர்கள் முதலில் அவரைப் பார்க்க வேண்டுமென்று அவர் மேசையை வாசல் கதவை ஒட்டிப் போட்டார்கள். யார் வந்தாலும் எழுந்து வணக்கம் சொல்கிறார்.

விஷயம் கேள்விப்பட்டு சித்தியின் அண்ணன் வந்தார். “என்ன மாப்பிள்ளை, கடைசில கேட்டுதானா?”

“ஆமா மச்சான். ஆனா நாற்காலி குடுத்திருக்காங்க, சுத்துது.”

அது என் நாற்காலி. மேனேஜர் கேட்டதும் நானே தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இப்போது எனக்குக் கீழே அதுவும் இல்லை.