சந்தனமேரி டீச்சரின் வலது கால்

சந்தனமேரி டீச்சருக்குத் தன் வலது காலைக் கண்டாலே ஆகாது. குதிகாலில் வெடிப்பு, சுண்டுவிரலில் காய்ப்பு, பார்க்கச் சகிக்காத கால். ஊருக்கோ அதன்மேல் கொள்ளை ஆசை. தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவள் அவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் ஓடிவிடும் என்று நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடி வரைக்கும் ஜனங்கள் நம்பினார்கள்.

எட்டு வயதிலிருந்து மிதிக்கிறாள். வேர்வை நாறும் முதுகு, பவுடர் களிம்பாகிப்போன கழுத்து, படை அப்பிய இடுப்பு, நேற்றுத் தடவிய விளக்கெண்ணெய் இன்னும் பிசுபிசுக்கும் கெண்டைக்கால். டவுன் பஸ்ஸில் ஒரு ஆள் எதிர் சீட்டிலிருந்து காலைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்திருக்கிறான். கொத்தமங்கலத்தில் ஒரு துட்டி வீட்டில், பிணத்தை எடுக்கும் முன்பே, செத்தவரின் மைத்துனர் குப்புறப் படுத்துக்கொண்டு, "டீச்சர், ஒரே ஒரு மிதி" என்றார். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து கார்பாலிக் சோப்பைக் கரையக் கரையத் தேய்ப்பாள். அருவருப்பு மட்டும் போகாது.

உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டால் இந்தக் கருமத்திலிருந்து தப்பித்துவிடலாம் என்றுதான் உடற்கல்விப் படிப்புக்கே போனாள். தப்பிக்கவில்லை. படித்துவிட்டு வந்து பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் ஆனதும், படித்த கால் என்று மவுசு இன்னும் கூடிப்போயிற்று.

ஆனாலும் விடவில்லை. 1996-ஆம் வருஷம், கோ-கோ அணிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேருக்கும் சனிக்கிழமை தோறும் வகுப்பு எடுத்தாள். ஓடுவதற்கு முன் உடம்பைச் சூடாக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். கால் பிசகினால் இழுக்காதே, தேய்க்காதே, சூடு காட்டாதே. ஓய்வு கொடு, துணி சுற்றிய ஐஸ் வை, பட்டைத் துணியால் அளவாகக் கட்டு, தலையணைமேல் உயர்த்து. பிள்ளைகள் நோட்டில் கோடு போட்டு அழகாக எழுதிக்கொண்டார்கள். அணியிலேயே வேகமாக ஓடுகிறவள் பெயர் அழகி. அவள் நோட்டில் டீச்சர் 'மிக நன்று' போட்டாள்.

அடுத்த புதன்கிழமை கம்பத்தைத் தொட்டுத் திரும்பும்போது அந்த அழகியின் கணுக்கால் மடங்கியது. டீச்சர் ஓடி வருவதற்குள் இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி சத்துணவுக் கூடத்திலிருந்து சுட வைத்த எண்ணெயோடு வந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருமே நோட்டில் 'மிக நன்று' வாங்கியவர்கள். எருமை மாடுகளுக்குப் பாடம் நடத்தியிருக்கலாம் என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐஸுக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் குளிர்பெட்டி கிடையாது. மீன் கடைக்கு சைக்கிளை விரட்டி, சாக்கில் கட்டி எடுத்து வந்தாள். செதிலும் ரத்தமும் ஒட்டிய ஐஸ். அந்த நாற்றத்தில் அவளுக்கே குமட்டியது. கழுவி, துணியில் சுற்றி, இருபது நிமிஷம் வைத்தாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு தப்பித்திருந்தது. மூட்டு எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நார் கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை சிவகங்கையில் மாவட்ட இறுதிப் போட்டி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழகியின் வீட்டுக்குப் போனால், அங்கே பள்ளிக்கூட செகரட்டரி வள்ளியப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கம்பவுண்டர், கையில் ஊசி டப்பா. அழகியின் கால் சுரைக்காய் போல வீங்கிக் கிடந்தது.

"ஒண்ணுமில்ல டீச்சர். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஊசி. வலியே தெரியாது, ஓடிருவா" என்றார் வள்ளியப்பன்.

"வலிதான் சார் அவளை நிறுத்தி வச்சிருக்கு. அதைக் கொன்னுட்டா, மிச்சமிருக்கிற நாரையும் பிச்சுக்கிட்டுல்ல ஓடுவா? பெறகு ஆயுசுக்கும் இந்தக் கால் நிக்காது."

"சும்மா பயமுறுத்தாதீக. இருபது வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் ஷீல்டு நம்ம பக்கம் வருது."

டீச்சர் டாக்டர் சீட்டை நீட்டினாள். அவர் வாங்கவே இல்லை. தானே ஓடி ஜெயிக்கப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தத் தொந்தியைப் பார்க்கவே டீச்சருக்கு வெறுப்பாக இருந்தது.

அழகியின் அம்மா அக்கம்மாள் கையைப் பிசைந்தாள். "சர்டிபிகேட்டு இருந்தா பின்னால போலீசு வேலைக்கு ஆகும்கிறாக டீச்சர். ஊசியெல்லாம் எதுக்கு? நீங்கதான் கால் முன்னப் பெறந்தவுகளாச்சே. ஒரு மிதி மிதிச்சு விட்டீகன்னா ஓடிற மாட்டாளா?"

டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புத்தகம் சொன்னது, டாக்டர் சொன்னார், தொண்டை வறளத் தானும் சொல்லியாயிற்று. எல்லாம் போய்க் கடைசியில் இந்த வெடிப்புக் கால்தான் வேண்டியிருக்கிறது. வள்ளியப்பன்கூட நிமிர்ந்து உட்கார்ந்து அந்தக் காலைத்தான் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று அவரும் வந்து மிதி வாங்கியவர்தான்.

டீச்சர் செருப்பைக் கழற்றினாள். வீக்கத்தின் பக்கமே போகாமல், முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் பட்டும் படாமலும் மூன்று தடவை தொட்டாள்.

"மிதிச்சாச்சு. இனி மூணு வாரத்துக்கு இந்தக் கால் ஓடப்படாது. ஊசி ஏறப்படாது. எண்ணெய் படப்படாது. காலையும் மாலையும் ஐஸ் வைக்கணும். மீறினா என் மிதி திரும்பிரும். திரும்பினா என்னாகும்னு நான் சொல்ல மாட்டேன்."

வள்ளியப்பன் எழுந்து கும்பிட்டார். "டப்பாவை மூடுப்பா" என்றார் கம்பவுண்டரிடம். டாக்டருக்கு அடங்காத மனுஷன் கால் கட்டைவிரலுக்கு அடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தோற்றார்கள். ஒருத்தரும் டீச்சரைக் குறை சொல்லவில்லை. மூன்று வாரமும் அக்கம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் ஐஸ் வாங்கி வந்து, மணி பார்த்து வைத்தாள். நாலாவது வாரம் அழகி மைதானத்தில் மெதுவாக ஓட ஆரம்பித்தாள். கால் நொண்டவில்லை. டீச்சருக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

மாதக் கடைசியில் பரீட்சை வைத்தாள். முதல் கேள்வி: கணுக்கால் பிசகினால் வரிசையாக என்ன செய்ய வேண்டும்? ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்துதல், இருபத்திரண்டு பேரும் சரியாக எழுதியிருந்தார்கள். ஆனால் பத்தொன்பது பேர் அதற்கு மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 'முதலில் கால் முன்னே பிறந்தவரை அழைத்து மிதிக்கச் சொல்ல வேண்டும்.' கோடு போட்டு, அழகாக.

"சரிதானே டீச்சர்?" என்று அழகி இரண்டு காலிலும் நேராக நின்று கேட்டாள். "நீங்க அப்படித்தானே செஞ்சீக?"

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தாள், மூடினாள். தப்பு என்று சொல்ல வாயும் வரவில்லை, போடக் கையும் வரவில்லை. முப்பத்தைந்து வருஷமாக ஊர் சொன்ன பொய்யை இப்போது தானே பாடமாக நடத்தி முடித்திருக்கிறாள். குனிந்து வலது காலைப் பார்த்தாள். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. துப்பினால் அதையும் எடுத்துச் சுளுக்குக்குத் தடவிக்கொள்வார்கள்.