போணிக் கேள்வி

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகலில் என் அக்கா கண்ணில் படக்கூடாது. "சாயங்காலம் என்ன பண்றே?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்று வாய் தவறிச் சொன்னால் தொலைந்தோம். அன்று மாலை ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்தில் உட்கார்ந்து, கடலுக்கு அடியில் வாழும் ஏதோ ஒரு புழுவைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டாக வேண்டும். நான் வாடகைக் கார் ஓட்டுபவன். "வண்டி ஓட்டணும்க்கா" என்று நழுவப் பார்த்தால், "ஓட்டிக்கிட்டு இங்கேயே வா. வர்றப்ப யாரையாவது ஏத்திக்கிட்டு வா" என்பாள். ஒருமுறை மழைக்கு எங்காவது ஒதுங்க வேண்டும் என்றார் ஒரு சவாரிக்காரர். நேராக அரங்கத்து வாசலில் கொண்டுபோய் இறக்கினேன். அந்த மனிதர் இன்றைக்கும் தவறாமல் வருகிறார். அக்காவுக்கு அதில் என்மேல் ஒரு தனி மரியாதை.

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்த நிலையத்தில் அவளுக்குப் பின்னால் எல்லாரும் சொல்லும் பெயர் 'ஆள்பிடி அக்கா'. முன்னால் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். முன் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். பொதுமக்களுக்கு மாதாமாதம் பேச்சும், சனிக்கிழமைகளில் பயிலரங்கும் நடத்துவது என்று நிலையத்தில் முடிவானபோது, அதைத் தலையில் கட்டிக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. ஆளுக்கு ஆள் கைகாட்ட, கடைசியில் அது அக்காவின் மேசையில் வந்து விழுந்தது.

முதல் பேச்சுக்கு வந்தவர்கள் காவலாளியும் அக்காவும் மட்டும்தான். பேச வந்தவர் பெரிய அறிஞர். நிறைந்த சபைக்குப் பேசுவது போலவே பேசி முடித்து, "ஏதாவது கேள்வி?" என்றாராம். காவலாளி அக்காவைப் பார்த்தார், அக்கா கூரையைப் பார்த்தாள். அந்த அறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். "அந்த முகத்தை நினைச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு இறங்காது" என்பாள். அன்றிலிருந்து இரண்டு சபதம். காலி நாற்காலிகளைப் பார்த்து எவரும் பேசக்கூடாது. கேள்வி இல்லாமல் எவரும் மேடையை விட்டு இறங்கக்கூடாது.

முதல் சபதத்துக்குப் பலியானது எங்கள் குடும்பம். நான், என் மனைவி, அக்காவின் மகள், அவளுடைய மாமியார், பக்கத்து வீட்டுத் தையற்காரர் என்று ஒரு படையே போகும். வீடும் அதே லட்சணம்தான். பழைய நிகழ்ச்சிப் பதாகைகள் எல்லாம் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு உறையாகிவிடும். 'மூளை எப்படி வேலை செய்கிறது?' என்று எழுதிய உறையைத் தூக்கிவிட்டுத்தான் மாமா அழுக்குச் சட்டையை உள்ளே போடுவார். மண் பரிசோதனைப் பயிலரங்கு நடந்த வாரம் சாப்பாட்டு மேசை முழுக்க யார் யார் வீட்டுத் தொட்டி மண்ணோ பொட்டலம் பொட்டலமாக இருந்தது. அந்த வாரம் நாங்கள் நின்றபடியே சாப்பிட்டோம்.

இரண்டாவது சபதத்துக்கு மாட்டியவர் மாமா. அக்காவின் கணவர். அச்சகத்தில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல அளந்து பேசுகிறவர். பேச்சு முடிந்ததும் சபையில் ஒரு மௌனம் விழுமே, அதை உடைக்க ஒரு ஆள் வேண்டும். கடைக்காரர்களுக்குப் போணி மாதிரி. முதல் வியாபாரம் ஆகிவிட்டால் அப்புறம் கடை தானாக நடக்கும். அதனால் காலைக் காபியோடு அக்கா அன்றைய கேள்வியையும் கொடுத்துவிடுவாள். மாமா அதை மனப்பாடம் செய்துகொண்டு, முதல் வரிசையின் ஓரத்தில் போய் உட்காருவார். மேடையிலிருந்து அக்கா தலையசைத்ததும் எழுந்து கேட்பார். பதில் வரும்போது மெல்லத் தலையாட்டுவார். "ரொம்ப நன்றிங்க" என்று உட்காருவார். இத்தனை ஆண்டுகளில் ஒரு பிசகு கிடையாது. பேச்சாளர்கள் பலர் மேடையை விட்டு இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் இந்த ஆண்டு வேட்டு வந்தது. புதிதாக வந்த இயக்குநர் அக்காவை அழைத்து, "வெளியாட்கள் நிஜமாவே வர்றாங்களாம்மா? இல்ல, நம்மளே பேசி நம்மளே கைதட்டிக்கிறோமா?" என்று கேட்டார். அரங்கத்தைக் கணினிக்கூடமாக மாற்ற வேறு ஒரு துறை காத்துக்கொண்டிருந்தது. அடுத்த பேச்சுக்கு அவரே வந்து பார்ப்பார். பிடித்தால் தொடரலாம், இல்லாவிட்டால் அதுவே கடைசி. அக்கா எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, "ஒருத்தர் கூடத் தூங்கக் கூடாது. ஒருத்தர் கூட என்னைச் சொந்தம் கொண்டாடக் கூடாது" என்று உத்தரவு போட்டாள்.

பேச்சு நிலநடுக்கம் பற்றி. பேசவேண்டிய பேராசிரியருக்குக் காய்ச்சல் என்று மதியத்துக்கு மேல் செய்தி வந்தது. அக்கா ஓடிப்போய் இரண்டாவது மாடியில் எறும்புகளை ஆராய்கிற ஒல்லி மனிதரைக் கையோடு இழுத்து வந்தாள். அவர் இந்த அழைப்புக்காகப் பல வருடங்களாகக் காத்திருந்தவர் போல, படங்களோடு தயாராக இருந்தார். வழக்கமாக மேடையேறி வரவேற்கிறவள், அன்று இயக்குநரை வாசலில் எதிர்கொள்ள வேண்டியிருந்ததால், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடியே ஒலிபெருக்கியில் மாற்றத்தை அறிவித்தாள். நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

எறும்பு மனிதர் அருமையாகப் பேசினார். திரையில் முதலில் வந்தது வெட்டி எடுத்த நிலத்தின் படம். மண்ணுக்குள் விரிசல் விரிசலாகச் சுரங்கங்கள். முன்வரிசையில் மாமா கவலையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ எறும்புகள் வந்தன, போயின. பேச்சு முடிந்தது, கைதட்டினோம், மௌனம் விழுந்தது. அக்கா இப்போது மேடைப் படியருகே வந்து நின்றிருந்தாள். இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமா அக்காவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவள் தலையசைத்தாள். அறிவிப்பைக் கேட்டிருப்பார், தானாக ஏதாவது கேட்டுவிடுவார் என்று நம்பினாளாம்.

மாமா எழுந்து தெளிவாகக் கேட்டார்: "ஐயா, இது திடீர்னு வந்துட்டா நமக்குத் தப்பிக்க எவ்வளவு நேரம் இருக்கும்? வீட்டுக்குள்ள இருந்தா மேசைக்கு அடியில போகணுமா, இல்ல வெளிய ஓடணுமா?"

சபை ஒரு கணம் திகைத்தது. அப்புறம் வெடித்துச் சிரித்தது. நானும்தான். எறும்பு மனிதர் நல்லவர். "அவ்வளவு பயப்பட வேண்டாங்க, சர்க்கரை டப்பாவை இறுக்கி மூடினாப் போதும்" என்றார். சிரிப்பு இரண்டு மடங்கானது. மாமா வழக்கம்போல மெல்லத் தலையாட்டி, "ரொம்ப நன்றிங்க" என்றார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். அப்புறம், எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அக்காவின் முகத்தை நானும் பார்த்தேன். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அந்தச் சிரிப்பில் கடை களைகட்டிவிட்டது. எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, தூங்குமா, வழி தவறினால் என்ன செய்யும் என்று முன்பின் தெரியாத ஆட்கள் கைதூக்கினார்கள். இயக்குநரே தன் காருக்குள் குடியேறிய எறும்புகளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். அக்கா இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. தேநீர் வைத்திருந்த கூடத்துக்கு எல்லாரும் நகர்ந்ததும், மாமாவுக்குப் பின்னால் போய் நின்று, "என்னங்க" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். நான் திரும்பினேன், தையற்காரர் திரும்பினார், மாமா பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் முன்னால் வந்து நின்றாள். "எத்தனை நாளா?"

"நாளா? அது ஆச்சு சில வருஷம்" என்றார் மாமா, அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டே. "அச்சகத்துச் சத்தம். நீ எதிர்ல நின்னு பேசினா புரிஞ்சுடும். அதான் சொல்லல."

"இத்தனை பேச்சுக்கு வந்தீங்களே. எதுவுமே கேக்கலையா?"

"ஒலிபெருக்கியில இரைச்சல்தான் வரும். இன்னிக்கு எறும்பைப் பார்த்ததும், நிலநடுக்கம் வர்றது அதுக்கு முன்னாடியே தெரியும் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"பின்ன எதுக்கு வந்து உக்காந்தீங்க?"

"ஆள் வரலைன்னா நீ சாப்பிட மாட்டே" என்றார் மாமா. "தலை எண்ணத்தானே கூப்பிட்டே? அதுக்குக் காது எதுக்கு?"

அந்த நேரத்தில்தான் இயக்குநர் தேநீர்க் கோப்பையோடு உற்சாகமாக வந்து சேர்ந்தார். "முன்வரிசைல கேட்டாரே அந்தப் பெரியவர், பிரமாதம்மா. கூட்டத்தையே கலகலப்பாக்கிட்டார். இந்த மாதிரி பொதுமக்கள் வந்தா தாராளமா நடத்தலாம். யார் அவர்?"

தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரங்கம் அவளுடையது. நான் கண்ணால் கெஞ்சினேன்.

"என் வீட்டுக்காரர் சார். கேள்வி நான் எழுதிக் குடுத்தது. பேச்சு மாறினது அவருக்குத் தெரியாது, காது கேக்காது. அதோ அது என் தம்பி, அது அவன் பொண்டாட்டி, அங்க நிக்கிறது என் மகளோட மாமியார்."

நாங்கள் வரிசையாகக் கும்பிட்டோம். வேறென்ன செய்வது. இயக்குநர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு எறும்பு மனிதரைச் சுற்றி நின்ற கும்பலைக் காட்டி, "அவங்க?" என்றார்.

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது சார்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, இந்த வருஷம் முடியட்டும். ஆனா சொந்தக்காரங்களைக் கணக்குல சேர்க்கக் கூடாது."

"சேர்க்கல சார். ஆனா இவர் வருவார். பேசுறதெல்லாம் எழுத்தா திரையில ஓடணும். அதுக்கு ஏற்பாடு பண்ணுங்க."

"ஒருத்தருக்காகவா?"

"கூப்பிட்ட அத்தனை தடவையும் வந்தது இந்த ஒருத்தர்தான் சார்."

இயக்குநர் மாமாவைப் பார்த்தார். "பேசிப் பார்க்கிறேன்மா" என்று நகர்ந்தார்.

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. நான் காரை எடுத்து வருகிறேன் என்றேன். அக்கா காதில் வாங்கவில்லை. மாமாவை உட்கார வைத்து, எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எறும்புகளைப் பற்றி முதலிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.