ஆர்டிஸின் பூசணியும் பின் அச்சு எண்ணெயும்

ஆர்டிஸ் நூட்சனுக்குக் கவலை வந்தால் கை நிதானமாகிவிடும். சந்தோஷம் வந்தால்தான் ஆபத்து. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை பார்த்த எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். பிள்ளைகள் கூடைப்பந்தில் ஜெயித்த அன்று சூப்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்த அன்று, வேகாத மக்ரோனியை ஒரு பெரிய தட்டு நிறைய பரிமாறும் ஜன்னல்வரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த அக்டோபரில் அவளுக்குச் சந்தோஷப்படக் காரணம் வீட்டுக்குப் பின்னால் படுத்திருந்தது. ஒரு பூசணி. காய் என்று சொல்ல வாய் வராது. ஒரு பசுமாடு காலை மடக்கிப் படுத்த அளவு. விஸ்கான்சினில் எங்கள் பக்கம் ராட்சசப் பூசணி வளர்க்கும் பைத்தியம் பிடித்தவர்கள் நிறையப் பேர். ஆர்டிஸ் அவர்களில் ராசியில்லாதவள். ஒரு வருஷம் காய் பிளந்தது. ஒரு வருஷம் எலி குடைந்தது. போன வருஷம் மேலே பளபளவென்று இருந்து அடியில் அழுகியிருந்தது. ஒன்றுகூடத் தராசுவரை போனதில்லை.

இந்த வருஷத்துக் காய் ஆகஸ்டில் நாளுக்கு ஒரு நாய்க்குட்டி எடை ஏறியது. டேப்பால் அளந்து கணக்குப் போட்டால் ஆயிரம் பவுண்டைத் தொடலாம், தொடாமலும் போகலாம் என்று வந்தது. டேப் கணக்கை யாரும் ஏற்க மாட்டார்கள். சனிக்கிழமை காலை பக்கத்து மாவட்டத்துப் பொருட்காட்சி மைதானத்தில் நடக்கும் பூசணி எடைப் போட்டியில் தராசில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அந்த வருஷம் அவள் பூசணியே போடாத மாதிரிதான்.

ஏற்றிக்கொண்டு போகவேண்டிய பழைய பிக்கப் வண்டிக்கு முந்தின வாரம் ஒரு சீக்கு வந்தது. சரளைக்கல் அள்ளி வந்தபோது பின்னாலிருந்து முனகல். வேகம் கூடினால் முனகலும் கூடியது. பின் அச்சின் நடுவில் உருண்டையாக இரும்பில் ஒரு வயிறு இருக்கும், டிஃபரென்ஷியல். இன்ஜினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள்ளே எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும். இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அந்த எண்ணெயை யாரும் மாற்றியதில்லை. ஊர்க் கராஜில் கேட்டதற்கு அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னார்கள்.

"அடுத்த வாரம் இதுல என்னத்த ஏத்துறது, பூசணி விதையா?" என்று போனை வைத்தாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். பால் பண்ணையில் பிறந்தவள். எதற்கு அடியிலும் படுத்துப் பழக்கம். பள்ளிக்கூடத்துப் பாத்திரம் கழுவும் இயந்திரம் நின்றுபோனால், ரிப்பேர்க்காரர் வருவதற்குள் அவளுடைய இரண்டு கால்கள்தான் அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.

வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்தினாள். புருஷன் லைல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். சீஸ் தொழிற்சாலையில் வேலை அவனுக்கு. கருவிகளோடு அவனுக்குப் பெரிய பழக்கம் இல்லை. ஆனால் கேட்டதை எடுத்துக் கொடுப்பான், கேட்காததைப் பேசுவான்.

"ஒரு பூசணிக்காக இன்னொரு பூசணியோட மல்லுக்கட்டுற பொம்பளைய இப்பதான் பாக்கறேன்." எங்கள் ஊரில் அந்த இரும்பு உருண்டைக்கும் பூசணி என்றுதான் பேர். அன்று காலையிலிருந்து லைல் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீ அந்த ராட்செட் ஸ்பேனர எடு. பெரிசு. பெரிசுன்னா பெரிசு, லைல்."

முன் அச்சிலும், நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துவிடும் நடுப் பெட்டியிலும் எண்ணெய் மாற்றும் வேலை அழகாக முடிந்தது. இரண்டிலும் ஒரே முறைதான். எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியை முதலில் திறந்து பார்க்க வேண்டும். அது திறந்த பிறகுதான் கீழே வடிக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர் இது. வண்டியின் அடிப்பக்கம் துருவாகத்தான் இருக்கும். வடித்துவிட்டு மேலே கை வைக்கும்போது மூடி திறக்க மறுத்தால், வண்டி காலி வயிற்றோடு அங்கேயே நிற்கும். வண்டிக்கு அடியில் படுக்கும் எவரும் முதலில் கற்பது இதுதான். ஆர்டிஸ் வாயால் சொல்லிச் சொல்லியே செய்தாள்.

"முதல்ல ஊத்துற வாய். அப்புறம் வடிக்கிற வாய்."

"பைபிள் மாதிரி ஓதுறியே."

"ஓதாம விட்டாத்தான் தப்பு வரும்."

பின் அச்சுக்குப் போனாள். அந்த உருண்டைக்கு வடிதுளை கிடையாது. பின்னால் இருக்கும் தகட்டு மூடியைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் எண்ணெய் கொட்டும். ராட்செட்டைக் கையில் எடுத்த நேரத்தில், ரோட்டோரம் டிராக்டரை நிறுத்திக் கத்தினான் மார்வ் டீட்ஸ். பக்கத்துச் சோளக்காட்டுக்காரன். சாயங்காலம் தன் டிராக்டரால் பூசணியைத் தூக்கி வண்டியில் வைக்க ஒத்துக்கொண்டவன்.

"ஆர்டிஸ்! செய்தி கேட்டியா? போன வருஷம் முதல் பரிசு வாங்கினவனுது நேத்து பிளந்துபோச்சாம்! நடுவுல, கை நுழையற அளவுக்கு!"

"ஐயோ பாவமே!" என்றாள் ஆர்டிஸ், முகமெல்லாம் மலர்ந்து.

"ரொம்பத்தான் துக்கப்படற! நாலு மணிக்கு வரேன். தயாரா இரு. அப்புறம் நான் காட்டுல இறங்கிட்டா மழைதான் என்னை மேல ஏத்தணும்."

மார்வ் போய்விட்டான். ஆர்டிஸ் மல்லாந்து படுத்தபடியே பேசிக்கொண்டு போனாள். தராசின் பக்கத்தில் யார் நிற்பார்கள், பூசணிக்கு ஈரப் போர்வை எது, லைல் எந்தச் சட்டை போட வேண்டும். கை பாட்டுக்கு போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தது. தகடு விலகி, அழுகின முட்டையும் பழைய வெங்காயமும் கலந்த மாதிரி ஒரு வாடையோடு கறுப்பு எண்ணெய் தட்டில் இறங்கியது. அடியில் படிந்திருந்ததை விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தாள். மாவு மாதிரி சாம்பல் பசை. இரும்புத் துண்டு ஒன்றும் இல்லை.

"பல்லெல்லாம் நல்லா இருக்கு, லைல்! வெறும் எண்ணெய்தான் செத்துப்போயிருக்கு! புதுசு ஊத்தினா..."

அங்கே நின்றது பேச்சு.

"என்ன?" என்றான் லைல்.

அவள் கை உருண்டையின் முன்பக்கத்தைத் தடவியது.

"ஆர்டிஸ், ஊத்துற வாய் திறந்துதானே இருக்கு?"

"வாய மூடு."

திறந்திருக்கவில்லை. உருண்டையின் முன்பக்கம், சதுரக் குழியோடு ஒரு மூடி, துருவோடு துருவாக உறைந்திருந்தது. ராட்செட்டை நுழைத்து அழுத்தினாள். அசையவில்லை. துருவை இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துக் காத்திருந்தாள். நீள இரும்புக் குழாயைப் பிடியில் மாட்டி இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். கடக்கென்று சத்தம் வந்தது. லைல் கைதட்டினான். மூடி திரும்பியிருக்கவில்லை; சதுரக் குழி வட்டமாகியிருந்தது. இனி எந்தக் கருவிக்கும் அதில் பிடி கிடைக்காது.

"யாராவது வண்டி கேட்டுப் பாக்கலாமா?" என்றான் லைல்.

"சோளம் அறுக்கற வாரம். எவன் வண்டி சும்மா நிக்கும்?"

"என் கார்ல..."

"உன் கார்ல அதோட காம்பு ஏறும்."

லைல் சிரிக்கவில்லை. ஆர்டிஸ் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் போய்ப் பூசணியைப் பார்த்து நின்றாள். திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. சமையலறையில் ஓவன் அணைந்துபோய் முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நாளில் வரும் நடை அது. பேசாமல் மறுபடி வண்டிக்கடியில் படுத்து, டார்ச்சை அச்சு நெடுக ஓட்டினாள்.

அச்சுக் குழலின் மேல்பக்கம், சக்கரத்துக்கும் உருண்டைக்கும் நடுவில், சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் செருகியிருந்தது. எண்ணெய் சூடாகும்போது உள்காற்று வெளியே போவதற்காக வைத்தது.

"லைல். இது வழியா காத்து வெளிய போகுதுல்ல?"

"போகும்."

"அப்ப எண்ணெய் உள்ள போகாதா?"

லைல் வாளியிலிருந்து எழுந்துவிட்டான். "அது மூக்கு, ஆர்டிஸ். மூக்கு வழியா யாராவது சோறு ஊட்டுவாங்களா?"

"எங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரியில ஊட்டினாங்க. ஸ்பேனர் குடு. சின்னது."

ரப்பரை உருவி, அதன் அடியிலிருந்த சிறிய பித்தளைக் குமிழில் ஸ்பேனரை வைத்தாள். அதுவும் மக்கர் பண்ணினால் வேறு வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மெல்ல அழுத்தினாள். பித்தளை துருப்பிடிப்பதில்லை, வெண்ணெயாகத் திரும்பியது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"கத்தாத! கத்தினா உனக்குக் கை ஓடிடும்! இப்ப என்ன, அடுத்து என்ன, சொல்லிட்டுச் செய்!" என்றான் லைல்.

நியாயம்தான். சொல்லிக்கொண்டே செய்தாள். தகட்டின் ஓரத்தைச் சுரண்டித் துடைத்தாள். புதுப் பசை தடவி மூடினாள். பசை இறுகுவதற்குக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் நாளைக்கு ரோட்டில் ஒழுகும். காத்திருந்த நேரத்தில் அடுத்த சிக்கல் தெரிந்தது. கியர் எண்ணெய் தேன் மாதிரி. அக்டோபர்க் குளிரில் அது அந்தப் பொடித் துளையில் இறங்க மறுநாள் ஆகும்.

குளிர்காலத்துக்குத் தக்காளி அடைத்த பாட்டில்களை வேகவைக்கிற பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய்ப் பாட்டில்களை வெந்நீரில் நிற்க வைத்தாள்.

"அது எங்கம்மாவோட பானை," என்றான் லைல்.

"உங்கம்மாவ நாளைக்கு மைதானத்துக்கு எதுல கூட்டிட்டுப் போகப்போற?"

லைல் பானைக்கு மூடி தேடிக் கொடுத்தான்.

துளை இருந்த பக்கத்துச் சக்கரத்தை ஜாக்கியால் இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள், எண்ணெய் சரிந்து நடுவுக்கு ஓட வேண்டும் என்று. மீன்தொட்டிக்கு வாங்கிய மெல்லிய குழாயைத் துளையில் விட்டு, மறுமுனையில் புனலைப் பொருத்தி, வண்டியின் பின்தட்டில் லைலை மண்டியிட வைத்துப் புனலைப் பிடிக்கச் சொன்னாள். சூடான எண்ணெய் குழாய்க்குள் நூலாக இறங்கியது.

"போதும்னு எப்படித் தெரியும்?" என்றான். "ஊத்துற வாய் வழிஞ்சாத்தானே அளவு?"

"புத்தகத்துல அளவு போட்டிருக்கு. ஜாடியில அளந்து ஊத்தறேன். முந்நூறு பிள்ளைங்களுக்கு அளந்து கொட்டுறவளுக்கு இது தெரியாதா?"

"வேகாத மக்ரோனியையும் நீதானே அளந்த?"

"புனல ஆட்டாதடா!"

கடைசிச் சொட்டு இறங்கியபோது ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டது. குமிழை முடுக்கி, ரப்பரைச் செருகி, ஸ்டாண்டுகளை இழுத்துப் போட்டு, மார்வ் வாசலுக்கு வருவதற்குள் ஆர்டிஸ் வண்டியைக் கிளப்பி எதிரே போய்விட்டாள். ஊர்க் கல்லறைத் தோட்டம்வரை போய்த் திரும்பினாள். முனகல் முழுக்கப் போகவில்லை. முன்பு வயிற்றுவலிக்காரன் போல இருந்தது, இப்போது தூக்கத்தில் புரளும் ஆள் போல இருந்தது.

"ஆயிரம் பவுண்டு தாங்குமா?" என்றான் மார்வ்.

"தொட்டுடும்னா சொல்ற?" என்றாள் அவள், கேள்விக்குப் பதில் சொல்லாமல்.

காம்பை அறுத்தார்கள். எட்டுப் பட்டைகளால் பின்னிய வளையத்தை மாட்டி மார்வ் தூக்கினான். பூசணி மண்ணைவிட்டு எழுந்து மெதுவாகச் சுழன்றது. லைல் முழந்தாளிட்டு அடிப்பக்கத்தைத் தட்டித் தடவிப் பார்த்து, "அழுகல!" என்று கத்தினான். வண்டி பின்பக்கம் உட்கார்ந்தது, ஆனால் நின்றது.

மறுநாள் காலை மைதானம்வரை லைல்தான் ஓட்டினான். ஆர்டிஸ் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பின் அச்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். லைல் வாயைத் திறந்தால் அடக்கினாள். ஒலியைவிட அவளுக்குப் பயம் தகட்டின் பசை. இத்தனை பாரத்தில், இத்தனை சூட்டில் அது பிடித்திருக்குமா? போட்டி நடத்துகிறவர்கள் பூசணியை இறக்கித் தராசுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை பொறுத்தாள். பிறகு கூட்டத்தில் அவளைக் காணோம்.

ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். லைல் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே ஓடினான். சர்ச்சுக்கு மட்டும் போடும் நல்ல செருப்போடு இரண்டு கால்கள் ஒரு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஆர்டிஸ்! வெளிய வா! எடை போடறாங்க!"

"லைல், ஒரு சொட்டு இல்ல! காஞ்சு கிடக்கு! கைய வெச்சுப் பாரேன், இளஞ்சூடுதான் இருக்கு!"

"பூசணி தராசுல ஏறிடுச்சு!"

"இந்தத் தகட்டு ஓரம் பாரு, என்ன அழகா..."

ஒலிபெருக்கி கரகரத்தது. ஆயிரத்து முப்பத்தேழு பவுண்டு.

 அடியிலிருந்து மண்டை அச்சில் மோதும் சத்தம் வந்தது. லைலும் யாரோ ஒரு பூசணிக்காரரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அவள் இழுத்தவர்களை விட்டுவிட்டு நேரே தராசுக்கு ஓடி, இரண்டு கையாலும் பூசணியைக் கட்டிக்கொண்டாள்.

அன்று அவளுக்குக் கிடைத்தது நான்காவது இடம். படம் எடுத்த பத்திரிகைக்காரப் பெண் முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆர்டிஸ் கையால் துடைத்ததில் கன்னமும் கறுத்தது. அந்தப் படத்தில் ஆரஞ்சுப் பூசணிமேல் கறுப்பாக ஐந்து விரலும் தெரியும். அவள் வாய் திறந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் லைலிடம், அடுத்த தடவை எண்ணெய் ஊற்ற அந்தத் தகட்டிலேயே புதுசாக ஒரு துளை போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.