பென்சில் திருத்தம்

பழனாத்தாள் டீச்சர் சிவப்பு மையைத் தொட்டதில்லை. எங்கள் ஜெர்மன் பயிற்சித் தாள்களைப் பென்சிலால்தான் திருத்துவார். நாங்கள் பார்த்து எழுதிக்கொண்டதும், திருத்தத்தை ரப்பரால் அழித்துவிடுவார். தூளை ஊதமாட்டார். சுண்டுவிரலால் கூட்டி உள்ளங்கையில் வாங்கி, கைக்குட்டையில் முடிந்துகொள்வார்.

காங்கேயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். பல்லடம் சாலையில் இருந்த எங்கள் கல்லூரியில் ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆசிரியை. தொண்ணூற்றெட்டு ஜூனில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் மாலை வகுப்பு. பகலில் பனியன் கம்பெனிகளில் வேலை. அந்த வருடம் ஆங்கிலத்தை ஜெர்மனுக்கு மாற்றித் தரும் புரோகிராம் ஒன்று கம்ப்யூட்டர் லேபுக்கு வந்தது. வீட்டுப்பாடத்தை அதனிடம் விட்டோம். பிடிபட்டால் சான்றிதழ் கிடையாது என்பது விதி.

டீச்சர் முதல் வரியிலேயே கண்டுகொண்டார்.

"கம்ப்யூட்டர் பெட்டி எழுதுனதா கண்ணு? செரி, எங்கெங்க தடுக்கி உளுந்திருக்குதுன்னு பாக்கலாம்."

அப்படித்தான் எங்களுக்கு ஜெர்மன் வந்தது. அவர் திருத்தங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுத்தமாக அச்செடுத்து லேபிலேயே வைத்தோம்.

மே மாதம் தாளாளர் செங்கோட்டையன் அந்தத் தாள்களோடு வகுப்புக்குள் வந்தார்.

"ஏனுங் டீச்சர், இதெல்லாம் நம்ம பெட்டி எழுதுனதுங்க. தப்பு இருக்குதுங்களா?"

டீச்சர் நிதானமாகப் புரட்டினார். அத்தனையும் அவருடைய வாக்கியங்கள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"தப்பு இல்லீங்க."

"பெட்டி லீவு கேக்காது, பென்சன் கேக்காது. அப்பறம் நீங்க எதுக்குங்க?"

"கரண்ட்டு போச்சுன்னா வேணுமுங்க!" என்றான் பின்வரிசை மாரப்பன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டீச்சர் எங்களைப் பார்த்தார். இது டீச்சர் திருத்தியது என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் போதும். சான்றிதழுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன். அவரும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேசையில் கிடந்த ரப்பர் தூளைக் கூட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜூனில் அவர் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, லேப் பொறுப்பாளர் ராசப்பனை அருள்புரம் டீக்கடையில் பார்த்தேன்.

"தாளாளருக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? பெட்டி அடிச்ச அசலு, டீச்சர் திருத்துனது, ரெண்டு கட்டையும் நாந்தான் வெவரஞ் சொல்லிக் குடுத்தனுங்க. அசலை டிராயர்ல வெச்சுப் பூட்டிப்போட்டுத்தான் கிளாசுக்கு வந்தாரு."